என் வீட்டுக்காரர் திருடப் போன பிள்ளையார்

நான் பட்டிமன்றத்தில் பேசுகிறவள். உடனே தொலைக்காட்சியில் வருகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் மாரியம்மன் பண்டிகை, பொங்கல் விழா என்று மேடை போட்டால் இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்வார்களே, அதில் ஓரத்து நாற்காலி என்னுடையது. குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா என்ற ஒரே தலைப்பில் ஊர் ஊராகப் போய் மனைவியைக் காப்பாற்றியிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் அந்த மனைவிக்குக் காபி போட்டுக் கொடுக்க ஆள் கிடையாது.

என் வீட்டுக்காரர் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். வாயைத் திறந்து பேசவே மாட்டார். பேசினால் உண்மையை மட்டும்தான் பேசுவார். முதல் குணத்தோடு குடும்பம் நடத்திவிடலாம். இரண்டாவது குணம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் இருப்பது நாமக்கல்லுக்கு வெளியே சோளக்காட்டை அளந்து பிரித்து உண்டாக்கிய ஒரு நகர். தெருவிளக்கு வந்தது, குடிதண்ணீர்க் குழாய் வந்தது, கோயிலுக்கென்று ஒதுக்கிய இடத்தில் மேடையும் கூரையும் கூட வந்துவிட்டன. சாமி மட்டும் வரவில்லை. அதற்குள் ஒரு வீட்டில் போர்வெல் காய்ந்தது, ஒரு வீட்டில் கல்யாணம் தட்டிப்போனது, மூலைவீட்டு வாத்தியார் மாடிப்படியில் சறுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளையார் இல்லாத குறைதான் என்று பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். ஒரே குரலில் நாங்கள் எதையாவது சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

கடையில் போய்ப் பிள்ளையார் வாங்குவது எங்கள் பக்கத்தில் அவ்வளவு விசேஷமில்லை. திருடிக்கொண்டு வந்த பிள்ளையாருக்குத்தான் சக்தி அதிகம். இன்னொரு ஊர்க் குளத்துக்கரையிலோ அரசமரத்தடியிலோ இருக்கிற பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அவர் இருந்த இடத்தில் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வர வேண்டும். பறிகொடுத்த ஊர்க்காரர்கள் ஒரு நாள் முழுக்கத் திட்டுவார்கள். மறுநாளே, எங்க பிள்ளையாரையே தூக்கிப்போட்டாங்க பாத்துக்கோங்க என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு புதிதாக ஒருவரை உட்காரவைப்பார்கள். இதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. திருட்டுப் பிள்ளையார் என்று மட்டும் சொல்வார்கள்.

திருடுகிற வேலைக்கு எங்கள் நகர்க் கோயில் கமிட்டி என் வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுத்தது. இந்த முகத்தைப் பார்த்தால் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது என்பது காரணம். வண்டிக்கு எதிர்வீட்டுப் பாய். அவருக்குக் கடைவீதியில் பாத்திரக் கடை. ஒரு குட்டி லாரி வைத்திருந்தார். எங்கள் நகரில் அந்த வண்டி ஏற்றாத பொருளே கிடையாது. என் பெண் விடுதிக்குப் போனபோது பெட்டி ஏற்றியது, வாத்தியார் வீட்டுப் பீரோவை ஏற்றியது, கோயில் மேடைக்கு ஜல்லி ஏற்றியது எல்லாம் அதுதான். கூப்பிட்டால் ஏன், எதற்கு என்று பாய் கேட்டதே இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பிள்ளையாரைத் தூக்க வேண்டும் என்றபோது மட்டும் ஒரு கேள்வி கேட்டார். படுக்கவைத்துக் கொண்டுவரலாமா, உட்காரவைத்துத்தான் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டார். அவர் கேட்டதற்குப் பிறகுதான் எங்களுக்கே அது யோசிக்க வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. வைக்கோல் போட்டு உட்காரவைப்பது என்று முடிவாயிற்று. வைக்கோலும் பாய்தான் ஏற்பாடு செய்தார்.

நாங்கள் கண் வைத்திருந்த ஊரில் அப்போது ஒரு காவல் குழு கிளம்பியிருந்தது. கிணற்று மோட்டாருக்குப் போகிற செம்புக் கம்பியை யாரோ தொடர்ந்து அறுத்துக்கொண்டு போனார்கள். போலீசுக்குச் சொன்னால் வருகிறோம் என்றார்களே தவிர வரவில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்த ஊர் ஆண்கள், ஆளுக்கொரு பச்சை டீ-ஷர்ட், விசில், டார்ச் என்று இறங்கிவிட்டார்கள். அதற்கு மட்டும் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து கொடியசைத்துத் துவக்கி வைத்தார். இரவு முழுக்க ரோந்து சுற்றுகிறவர்கள் பகலில் தூங்கத்தானே செய்வார்கள், அதனால் மத்தியானம் போய்த் தூக்கிவிடலாம் என்று எங்கள் கமிட்டி கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் தப்பே இல்லை. ஊரே குறட்டை விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஒருவர் மட்டும் தூங்கவில்லை. குளத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், காவல் குழுவின் தலைவரும் அவர்தான். தீவனத்தைக் கொத்த வருகிற காக்கைகளை விரட்டுவதற்காக ஏர் கன்னும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பார்க்கிறார், குளத்துக்கரையில் ஒரு வண்டி. அதில் மத்தியான வெயிலில் பளபளவென்று செம்பு மின்னுகிறது. அது பாய் கடைக்குப் போக வேண்டிய பழைய அண்டா. அவருக்கு அது மோட்டார்க் கம்பியாகத் தெரிந்திருக்கிறது. மரத்தடியில் ஒருவன் குனிந்து எதையோ கட்டிப்பிடித்துத் தூக்குகிறான். நில் என்று சொல்லவில்லை, விசில் ஊதவில்லை. சுட்டுவிட்டார்.

எங்கே பட்டது என்று நான் சொல்லாமல் விட்டால் நீங்கள் விடப் போவதில்லை. குனிந்து நிற்கிற மனிதனுக்கு எது உயரத்தில் இருக்குமோ அங்கேதான் பட்டது. என் வீட்டுக்காரர் பிள்ளையாரைக் கீழே போடவில்லை. பதறாமல், பழைய இடத்திலேயே நேராக உட்காரவைத்துவிட்டு, அப்புறம்தான் ஐயோ அம்மா என்று கத்தியிருக்கிறார். பாய் என்னிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து நின்று நடித்துக் காட்டுவார்.

சத்தம் கேட்டு ஊர் எழுந்தது. இரண்டு பேரையும் அதே அரசமரத்தில் கட்டினார்கள். யாரடா நீங்கள், என்னடா செய்தீர்கள் என்று கேட்டார்கள். இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், சாமி கும்பிட வந்தோம் என்று சொல்லியிருப்பார்கள். என் வீட்டுக்காரர் வீட்டு எண்ணிலிருந்து ஆரம்பித்து முழு விலாசத்தையும் சொல்லிவிட்டு, "பிள்ளையாரத் திருட வந்தோமுங்க" என்றிருக்கிறார். பாயும் அதையே சொன்னார். இரண்டு பேருக்கும் இதைச் சொன்னால் ஊர் சிரித்துவிடும், கட்டை அவிழ்த்து மோர் கொடுக்கும் என்ற நம்பிக்கை. வயதானவர்கள் இரண்டு பேர் சிரிக்கத்தான் செய்தார்களாம். அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. கம்பி போனபோது வராத போலீஸ், சிலை என்றதும் சைரனோடு வந்தது.

எனக்கு இது தெரிந்த விதம் இன்னும் கேவலம். பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து உள்ளூர் கேபிள் சேனலைப் போடச் சொன்னார். சாமி சிலை கடத்தும் கும்பல் சுற்றிவளைப்பு என்று கீழே எழுத்து ஓடுகிறது. மேலே இன்ஸ்பெக்டர், சுட்டவருடைய கையைப் பிடித்துக் குலுக்குகிறார். ஓரத்தில் கட்டிலில் குப்புறப் படுத்திருக்கிற கும்பல் என் வீட்டுக்காரர். நான் சிரிக்க ஆரம்பித்தேன். அழ வேண்டிய நேரம் என்று தெரிகிறது, பக்கத்து வீட்டம்மா என் கையைப் பிடித்து அமுக்குகிறார், எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினேன்.

குண்டை எடுத்துத் தையல் போட்டிருந்தார்கள். உயிருக்கு ஒன்றும் பயமில்லை. உட்காருவதற்குத்தான் பயம். கட்டில் ஓரத்தில் ஒரு போலீஸ்காரர் காவல் இருந்தார். சாயந்தரம் அந்தக் காவலையும் எடுத்துவிட்டார்கள். எப்படி என்றால், எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் சந்தித்தால் பேசுகிற முதல் பேச்சு எந்த ஊர், எந்தக் கூட்டம் என்பதுதான். கூட்டம் என்றால் குலம். சுட்டவர் ஆஸ்பத்திரிக்கே வந்து, வாசலில் நின்றபடி, வேறு பேச்சே இல்லாமல் அதைத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தால் சுட்டவர் மாமா முறை வருகிறார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நம்ம சொந்தம் என்று இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, மூன்று அட்டை முட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"சிலை திருடன்னு நெனச்சுச் சுட்டுப்போட்டேனுங்க மாப்ள. பிள்ளையார் திருடற ஆளுன்னு தெரிஞ்சிருந்தா நானே ஒரு கை புடிச்சுத் தூக்கி உட்டிருப்பேன்."

என் வீட்டுக்காரர் பரவாயில்லீங்க மாமா என்றார். குண்டை வாங்கிக்கொண்டு பரவாயில்லை என்று சொல்கிற மனிதரோடு நான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். நான் அந்த மாமாவிடம், எங்கள் பாயை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் முட்டை அட்டையைப் பார்த்துக்கொண்டு, அது போலீஸ் சமாச்சாரமுங்க அம்மிணி என்றார்.

பாயின் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் ஒரு தூக்குப் போசியில் சோறு கொண்டுவந்திருந்தார். உள்ளே வாங்கிக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கத்து ஆள் இல்லை, ஆனால் மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலி போடச் சொன்னார், எனக்கு டீ வந்தது. உங்கள் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை, ஏதோ பழக்க வழக்கம் என்று போயிருக்கிறார், அவர் பேரை எடுத்துவிடலாம் என்றார். அதே வழக்கத்துக்குத்தானே பாயும் போனார் என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பிள்ளையார் திருடறதுல அவங்களுக்கு என்னம்மா பழக்க வழக்கம்? வண்டி யாரோடதோ அவந்தான் மூளை. சிலை எங்க போயிருக்கும்னு விசாரிக்க வேண்டாமா?"

இவ்வளவு நேரமும் எனக்குள் குதித்துக்கொண்டிருந்த சிரிப்பு அங்கே நின்றது. பாயின் மனைவி போசியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு டீ கொடுத்தவர்கள் அவருக்குக் கொடுக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நான் என் பாட்டுக்குக் குரலை உயர்த்தினேன். ஜல்லி ஏற்றியது, வைக்கோல் போட்டது எல்லாவற்றையும் சொன்னேன். மேடைப் பேச்சு இங்கே வேண்டாம்மா என்று இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடினார். மறுநாள் பாயை ரிமாண்டில் வைத்தார்கள். ஜாமீன் கேட்டால், பெரிய கும்பலுக்குத் தொடர்பு இருக்கிறதா என்று விசாரணை நடக்கிறது என்றார்கள். என் வீட்டுக்காரர், நான்தான் தூக்கினேன், என் பேரையும் சேருங்கள் என்று மல்லாக்கப் படுக்க முடியாத நிலையிலும் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார். போய்ப் புண்ணைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்குள் ஊர் இரண்டாகப் பிரிந்து பேச ஆரம்பித்துவிட்டது. டீக்கடையில், டவுன் பஸ்ஸில், நான் புருவம் திருத்தப் போன இடத்தில், எங்கே போனாலும் இதே பேச்சு. சுட்டது சரி, போலீசுக்காகக் காத்திருந்தால் மோட்டாரே போய்விடும் என்று ஒரு கட்சி. இப்படி ஆளாளுக்குச் சுட ஆரம்பித்தால் அவசரத்துக்கு வயலோரம் ஒதுங்குகிறவன் கதி என்ன என்று லாரி டிரைவர்கள் எல்லோரும் மறுகட்சி. சுட்டவர் மேல் ஏன் வழக்கில்லை என்று கேட்டவர்களும் இருந்தார்கள், சுடப்பட்டவரே வழக்கு வேண்டாம் என்கிறாராமே என்று அவர்களுக்குப் பதில் சொன்னவர்களும் இருந்தார்கள். அப்படி எழுதிக்கொடுக்கும்படி ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு போனவர் ஓர் ஏட்டு. கேபிள் சேனலில் நேருக்கு நேர் என்று உட்காரவைத்துக் கத்தவிட்டார்கள். ஆனால் எல்லாக் கட்சிக்காரர்களும் கடைசியில் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டது ஒன்றுதான். எந்தப் பக்கத்தில் பட்டது, இடதா வலதா? என் வீட்டுக்காரரின் பின்பக்கம் பொதுச்சொத்தாகிவிட்டது. பாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்த ஊரிலிருந்து போன் வந்தது. பண்டிகைக்குப் பட்டிமன்றம் போட வெகு நாளைக்கு முன்பே என்னை அழைத்திருந்தார்கள். நானே மறந்துபோயிருந்தேன். பேசியவர் விழாக் கமிட்டிக்காரர். நான் யார் மனைவி என்று அவருக்குத் தெரியவில்லை. எங்க ஊர்ல சிலை திருடன் ஒருத்தனைச் சுட்டுப்போட்டாங்க, ஊருக்கு நல்ல பேர் வந்துருச்சுங்க, அதனால தலைப்பை மாத்திக்கலாமுங்களா என்று கேட்டார். அந்தத் திருடன் பக்கத்து அறையில் குப்புறப் படுத்து, தொண்டையைச் செருமி, தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். தாராளமாக மாற்றுங்கள் என்றேன். ஊர்க் காவலுக்குப் பெரிதும் தேவை பொதுமக்களா, போலீசாரா என்பது புதிய தலைப்பு. இன்ஸ்பெக்டர் சிறப்பு விருந்தினர். எனக்குப் பொதுமக்கள் அணி, அதாவது சுட்டவர் கட்சி. நான் போனை வைத்துவிட்டு, கையில் இருந்த கரண்டியோடு அடுப்படியில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அன்றைக்கு ஊரே மைதானத்தில் இருந்தது. ராட்டினம், வளையல் கடை, பஞ்சுமிட்டாய், காது கிழிகிற ஸ்பீக்கர். முன்வரிசையில் இன்ஸ்பெக்டர், பக்கத்தில் பொன்னாடையோடு கோழிப்பண்ணை மாமா. மாமா என்னைப் பார்த்ததும் நெளிந்தார். நடுவர், குடும்பத் தலைப்பில் மனைவியை விட்டுக்கொடுக்காத சகோதரி என்று என்னை அழைத்தார். இன்றைக்குக் கணவனை விட்டுக்கொடுக்காமல் பேச வந்திருக்கிறேன் என்று நான் ஆரம்பித்தது அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

பொதுமக்கள் காவல் காத்தால் குறி தப்பாது என்றேன். கைதட்டினார்கள். இந்த ஊர்க்காரர்களின் குறிக்கு நானே சாட்சி, அந்த இடத்தில் காலையிலும் சாயந்தரமும் மருந்து போடுகிறவள் நான்தான் என்றேன். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது அப்படியே ஆண்கள் பக்கம் போய், ராட்டினம் சுற்றுகிறவன் வரைக்கும் போயிற்று. நடுவர் மேஜையைத் தட்டினார், தட்டிக்கொண்டே அவரும் சிரித்தார். மாமா பொன்னாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்குவதற்குள் நான் அடுத்த கேள்விக்குப் போனேன். உங்கள் குளத்துப் பிள்ளையாரை எந்தக் கடையில் வாங்கினீர்கள்?

இது எங்கள் பக்கத்தில் ஒரு ஊரைப் பார்த்துக் கேட்கக் கூடாத கேள்வி. மானப் பிரச்சினை. முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தே விட்டார். "கடையில வாங்கற அளவுக்கு நாங்க கெட்டுப் போகலீங்க. எங்க மாமனார் காலத்துல சோளத்தட்டு வண்டிக்குள்ள ஒளிச்சு வெச்சுத் திருடியாந்தது." எந்த ஊரிலிருந்து என்று கேட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரின் பெயரைப் பத்துப் பேர் ஒன்றாகக் கத்தினார்கள். என் தாத்தாதான் வண்டி ஓட்டினது என்று ஒருவர், எங்கள் தாத்தாதான் தூக்கினது என்று இன்னொருவர், அவர்களுக்குள்ளேயே தகராறு வந்துவிட்டது. திருடின வம்சத்தைச் சேர்ந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். மைதானம் முழுக்கக் கை. மாமாவின் கையும் பாதி தூக்கி நின்றது. இன்ஸ்பெக்டரைப் பார்த்து, ஐயா, ஊரே ஒப்புக்கொண்டுவிட்டது, வேனைக் கொண்டுவாருங்கள் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன். அது வந்ததும் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் பக்கமே திரும்பினேன். மேடைத் தமிழ் எல்லாம் எங்கோ போய்விட்டது.

"இவங்க திருடுனோம்னு சொன்னாங்க, சிரிச்சீங்க. என்ற ஊட்டுக்காரர் சொன்னாரு, சிரிச்சு அனுப்பிச்சு உட்டீங்க. அதே மரத்துல கட்டி இருந்த எங்க பாயும் அதே வார்த்தையத்தானுங்க சொன்னாரு. அவரு சொன்னா மட்டும் ஏனுங்க உங்களுக்குச் சிரிப்பு வரல?"

நடுவர் மணியை அடித்தார். அந்த மணிச் சத்தத்துக்குக் கைதட்டவும் ஆள் இல்லை. நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு அடுத்துப் பேச வேண்டியவர் எழுந்து, என்ன பேசுவது என்று தெரியாமல், காவல்துறை நம் நண்பன் என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துக்கொண்டார். தீர்ப்பு என்ன சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் அந்த ஊர்க்காரர்கள் ஸ்டேஷனுக்குப் போய், எங்கள் பிள்ளையார் எங்கள் இடத்தில்தான் இருக்கிறார், எதுவும் களவு போகவில்லை என்று சொன்னார்கள். முதலில் போனவர் கோழிப்பண்ணை மாமா. அதற்காக அவர் மேல் இருந்த என் கோபத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டேன். மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. தீர விசாரித்ததில் கும்பல் எதுவும் இல்லை என்று இன்ஸ்பெக்டர் கேபிள் சேனலுக்குச் சொன்னார். அது கீழே எழுத்தாகக் கூட ஓடவில்லை. ஏர் கன்னை வாங்கி வைத்தார்கள், கொஞ்ச நாளில் காக்கைத் தொல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பாய்க்கு ஜாமீன் கிடைத்தது.

அவர் வந்த அன்று எங்கள் நகரில் சரவெடி வெடித்தார்கள். மாலை போட்டார்கள். பாய் உள்ளே நடந்ததையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். எந்தக் கேஸ் என்று கேட்டவர்களிடம் பிள்ளையார் கேஸ் என்று சொன்னதும் பழைய திருடர்கள் எல்லாம் தனக்கு இடம்விட்டு உட்கார்ந்தார்கள் என்றார். என் வீட்டுக்காரர் மரத்தடியில் பிள்ளையாரை உட்காரவைத்ததை எழுந்து நின்று நடித்துக் காட்டினார். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாயின் மனைவி மட்டும் வாசற்படியைத் தாண்டி வெளியே வரவில்லை.

பிறகு அந்த ஊர்க்காரர்கள் பெரிய மனது பண்ணி, பிள்ளையாரை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பெண்களுக்கு அது ஆகவில்லை. கொடுத்த பிள்ளையார் எப்படித் திருட்டுப் பிள்ளையார் ஆவார், சக்தி எங்கிருந்து வரும் என்று பிடித்துக்கொண்டார்கள். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நல்ல நாள் பார்த்து நாங்கள் மேளத்தோடு திருடப் போவது, ஊரார் எல்லோரும் குளத்துக்கரையில் கூடி நின்று முதுகைத் திருப்பிக்கொள்வது, கூட்ட நெரிசலுக்குப் போலீஸ் பாதுகாப்பு கேட்பது. போலீஸ் பாதுகாப்போடு நடந்த திருட்டு தமிழ்நாட்டில் வேறு எங்கும் நடந்திருக்காது என்று நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பட்டுச்சேலை எடுக்க, சேலம் பக்கத்தில் சேலை நெய்கிற ஊரான இளம்பிள்ளைக்கே போய்வந்தோம்.

அன்று காலை, தலையில் பூ, கையில் தாம்பூலத் தட்டு, வாய் நிறையச் சிரிப்பு, நான் தெருவைக் கடந்து பாய் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்பக்கத் தட்டி வரைக்கும் துடைத்து முடித்திருந்தார். நமக்காகத்தான் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டு, மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள் பாய், கிளம்பலாமா என்று கேட்டேன்.

அவர் ஈரத்துணியைப் பிழிந்து வண்டி மேலேயே விரித்துப் போட்டார். அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"வண்டி சர்வீசுக்குப் போயிருக்குதுங்க அக்கா."

இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வண்டி நின்றது. நான் அதைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்கிறோம் என்று மறைக்கக்கூட அவர் முயலவில்லை. நான் நம்ப வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. எந்த மேடையிலும் எனக்கு வார்த்தைக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை. அன்றைக்கு, சரிங்க பாய் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

பிள்ளையார் கோழிப்பண்ணை மாமாவின் முட்டை வண்டியில் வந்து இறங்கினார்.